ட்ரெபுஷே: தராசுக்கும் குருவிப்பொறிக்கும் போர்க்கவணுக்கும் ஒரே பெயர்

கையில் எண்ணி வைக்கும் ரொக்கப் பணத்தைக் குறிக்கப் பிரெஞ்சு மொழியில் இன்றும் ஒரு தொடர் வழங்குகிறது: ‘எஸ்பெஸ் சொனாந்த் ஏ ட்ரெபுஷாந்த்’. ‘ஒலிக்கிற, சாய்க்கிற காசு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். வந்த காசு நல்ல காசுதானா என்று பார்க்க அந்தக் காலத்து வணிகருக்கு இரண்டு சோதனைகள் இருந்தன. முதலில் காசைத் தட்டி ஓசை கேட்பார். உலோகத்தில் கலப்படம் என்றால் ஓசை மந்தமாக இருக்கும். அடுத்து ஒரு சின்னத் தராசை எடுத்து, ஒரு தட்டில் படிக்கல்லையும் மறு தட்டில் காசையும் வைப்பார். காசு இருக்கும் தட்டு கீழே சாய்ந்தால் எடை சரி, யாரும் விளிம்பைச் சுரண்டவில்லை என்று பொருள். அந்தச் சின்னத் தராசின் பெயர் ட்ரெபுஷே.

கோட்டைச் சுவர்கள்மீது 90 கிலோ கல்லை வீசிய இடைக்கால முற்றுகைக் கருவிக்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்தில் எழுத்து மாறாமல் எடுத்துக்கொண்டு ‘ட்ரெபியூஷெட்’ என்று உச்சரிக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்கும் நாலு மாடி உயரப் பொருளுக்கும் ஒரே பெயர் வந்தது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே அசைவைச் செய்கின்றன. அந்த அசைவைத்தான் பெயர் சொல்கிறது. எறிதல் என்ற பொருள் இந்தச் சொல்லில் எங்குமே இல்லை.

சொல்லைப் பிரித்தால்

பழைய பிரெஞ்சில் ‘ட்ரெபுஷியே’ என்ற வினை உண்டு. கவிழ், குப்புற விழு, தலைகீழாகத் தள்ளு என்பன அதன் பொருள்கள். இன்றைய பிரெஞ்சில் அது ‘ட்ரெபுஷே’ என்றே ஒலிக்கிறது. பொருள் சற்று மெலிந்து ‘கால் இடறித் தடுமாறு’ என்றாகிவிட்டது. பேச்சில் வார்த்தை தடுமாறினாலும் பிரெஞ்சுக்காரர் இதே வினையைத்தான் சொல்வார். கருவியின் பெயர் எழுத்தில் மட்டும் இதிலிருந்து கொஞ்சம் வேறுபடும்.

இந்த வினையில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. முன்பாதி லத்தீன் ‘ட்ரான்ஸ்’: அப்பால், கடந்து, அந்தப் பக்கமாக. பின்பாதி ‘புக்’: தலையும் கைகால்களும் நீங்கிய உடல், அதாவது முண்டம். இந்தப் பின்பாதி லத்தீன் இல்லை. பிரான்சுக்குத் தன் பெயரைக் கொடுத்த பிராங்க் இனத்தாரின் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. இன்றைய ஜெர்மன் மொழியில் வயிற்றைக் குறிக்கும் ‘பவுக்’ இதன் உறவு. ஆக, உடல் அந்தப் பக்கமாகப் போய்க் கவிழ்வதுதான் வேர்ப்பொருள். தமிழில் ஒரே வினையால் ஈடு சொல்ல வேண்டுமென்றால் ‘கவிழ்’ மிகப் பொருத்தம். பெயரின் இறுதியில் உள்ள ‘-எ’ என்ற ஒட்டு, சிறியது என்று காட்டும் விகுதி. போர்க்களத்திலேயே பெரிய மரக்கருவிக்குச் செல்லப்பெயர் போலச் ‘சின்னக் கவிழ்ப்பான்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதே சொல் வேறு சில பொருள்களுக்கும் பெயராயிற்று. மூடி சாய்ந்து விழுந்து குருவியைச் சிறைபிடிக்கும் சிறு கூண்டுப்பொறியும் பிரெஞ்சில் ட்ரெபுஷேதான். இத்தாலிய மொழியில் இதன் உறவான ‘ட்ரபொக்கெத்தோ’ என்றால் கால் வைத்ததும் கவிழும் தரைப்பொறி. இங்கிலாந்தில் வாயாடி என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துக் குளத்தில் முக்கி எடுக்கும் கொடுமையான தண்டனை இருந்தது. நீண்ட கழியின் ஒரு முனையில் நாற்காலி, மறுமுனையில் ஆட்கள். அந்த அமைப்பையும் சட்ட மொழியில் ‘ட்ரெபக்கெட்’ என்றார்கள். தராசு, கூண்டு, குளத்து நாற்காலி, போர்க்கருவி என நான்கும் ஓர் அச்சில் நின்று ஒரு பக்கம் சாய்பவை.

தமிழர்களுக்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை. எலியைப் பிடிப்பதும் பொறி, கோட்டை மதிலில் நிறுத்திய எந்திரமும் பொறி; அதை அமைப்பவர் பொறியாளர். லத்தீனில் அறிவுக்கூர்மையைக் குறித்த ‘இங்கேனியும்’ முற்றுகைக் கருவிகளுக்கான பொதுப்பெயரான ‘எஞ்சின்’ ஆகி, அதைக் கட்டியவர் ‘எஞ்சினியர்’ ஆனதும் இதே வழியில்தான். தராசுக்குத் துலாம் என்று பெயர். யாழ்ப்பாணத்துக் கிணற்றில் நீர் இறைக்கும் நெடுமரத்துக்கும் துலா என்றே பெயர். கிணற்றுத் துலாவைப் பார்த்தவருக்கு ட்ரெபுஷேயின் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும்.

துலாவிலிருந்து போர்க்கருவிக்கு

கிணற்றடியில் இரண்டு ஆடுகால்கள் நிற்கும். அவற்றுக்கு இடையே குறுக்கே அச்சுலக்கை. அதன்மேல் துலா மரம், ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. நீளப் பக்கத்து நுனியில் கயிறும் வாளியும். குட்டைப் பக்கத்து அடியில் பாரம். வாளியை இறக்கும்போது ஆள் கொஞ்சம் சிரமப்படுகிறார், ஏற்றும்போது பாரம் உதவுகிறது. பாரத்துக்குப் பதில் ஆட்களே மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பதும் உண்டு.

இப்போது அந்தத் துலாவில் மூன்று மாற்றங்கள் செய்வோம். அடிப்பக்கத்துப் பாரத்தைச் சில டன்னாக்கி ஒரு பெட்டியில் அடைக்க வேண்டும். வாளி இருந்த நுனியில் ஒரு கவணைக் கட்ட வேண்டும். நுனியைத் தரைவரை இழுத்துக் கொக்கியில் பூட்டிவைத்துத் திடீரென்று விடுவிக்க வேண்டும். அவ்வளவுதான், ட்ரெபுஷே தயார். சொல்ல எளிது, மரமும் கயிறும் அந்த வேகத்தைத் தாங்க வேண்டுமே என்பதில்தான் தச்சருடைய தலைவலி தொடங்குகிறது.

கவண் என்றதும் ரப்பர் பட்டை கட்டிய ‘ஒய்’ வடிவக் கவட்டையை நினைத்துவிடக் கூடாது. இங்கே சொல்வது பழைய கயிற்றுக் கவண். தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதற்குச் சுழற்றியது. இரண்டு கயிறுகள், நடுவில் கல்லை ஏந்தும் தோல் பை. ஒரு கயிற்றின் முனை கையோடு கட்டப்பட்டிருக்கும், மற்றதை விரலிடுக்கில் பிடித்துச் சுழற்றி, சரியான நொடியில் விட்டுவிடுவார்கள். ட்ரெபுஷேயில் கைக்குப் பதில் மரம். ஒரு கயிறு மரநுனியில் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கும். மற்றதன் முனையில் ஓர் இரும்பு வளையம். அது நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளையில் சும்மா மாட்டியிருக்கும். விரலின் வேலையை அந்த முளை செய்கிறது.

ஓர் எறிதல் இந்த வரிசையில் நடக்கும். மரத்தின் நெடுநுனியை உருளையாலோ ஆட்கள் உள்ளே நடக்கும் பெரிய மிதிசக்கரத்தாலோ கீழே இழுக்கிறார்கள். மறுமுனையில் எடைப்பெட்டி மேலே ஏறுகிறது. நுனியைக் கொக்கியில் பூட்டிவிட்டு இழுகயிற்றைக் கழற்றுகிறார்கள். சட்டகத்தின் அடியில் வழவழப்பாக இழைத்த மரத்தொட்டி நீளமாகக் கிடக்கும். கவணை அதில் விரித்துக் கல்லைப் பையில் வைத்து, வளையத்தை முளையில் மாட்டுகிறார்கள். எல்லாரும் விலகிய பின் நீண்ட கயிற்றால் கொக்கியைத் தட்டிவிட்டால் பெட்டி விழுகிறது, நுனி மேலெழுகிறது. கல் தொட்டியில் சறுக்கி, மரத்துக்குப் பின்புறமாகப் பெரிய வட்டமடித்து மேலே வருகிறது. மரம் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும் நேரத்தில் கவண் அதை முந்திக்கொண்டு முன்னே பாய, வளையம் முளையிலிருந்து வழுக்குகிறது, கவண் திறக்கிறது.

கவண் வெறும் பை இல்லை. அது மரத்தின் நீளத்தை எடையே இல்லாமல் கூட்டித் தருகிறது. நுனியில் கூடும் ஒவ்வொரு கிலோ மரமும் விழும் எடையின் ஆற்றலில் பங்கு கேட்கும், கயிறு கேட்காது. அதனால்தான் மரத்தை அச்சுப் பக்கம் தடிமனாகவும் நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும்படியும் செதுக்குகிறார்கள்.

கணக்கு

நல்ல ட்ரெபுஷேயில் அச்சுக்கு அந்தப் பக்கத்து நெடுங்கை, இந்தப் பக்கத்துக் குறுங்கையைப் போல 4 முதல் 6 மடங்கு நீளம். கவணின் நீளம் நெடுங்கைக்கு ஏறத்தாழச் சமம். எடைப்பெட்டி, கல்லைப் போல 100 மடங்கு அல்லது அதற்குச் சற்று மேல்.

தூரத்தைக் கணிக்கப் பெரிய இயற்பியல் தேவையில்லை. விழும் எடையின் ஆற்றலில் ஒரு பங்கு கல்லுக்குப் போகிறது. கல் 45 பாகைச் சாய்வில் புறப்படுகிறது. காற்றின் தடையை மறந்துவிடலாம். அப்படியானால் தூரம் = 2 × ஆற்றலில் கல்லுக்குச் சேரும் பங்கு × எடை விகிதம் × பெட்டி விழும் உயரம். பெட்டி 3 மீட்டர் விழுகிறது, விகிதம் 100, பாதி ஆற்றல் கல்லுக்குச் சேர்கிறது என்று வைத்தால்: 2 × 0.5 × 100 × 3 = 300 மீட்டர். இணையத்தில் கேலியும் பெருமிதமுமாகச் சுற்றும் ‘90 கிலோ கல்லை 300 மீட்டர் எறியும்’ என்ற வரி வெறும் பீற்றல் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அதற்கு 9 டன் பெட்டி வேண்டும், அதை 3 மீட்டர் தூக்கவும் வேண்டும். அந்த வரியைப் பகிர்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

டென்மார்க்கின் நைக்கோபிங் பால்ஸ்டரில் 1989இல் ஒரு ட்ரெபுஷேயைப் பழைய முறைப்படி கட்டினார்கள். 2 டன் எடையில் அது 15 கிலோ உருண்டையை ஏறக்குறைய 170 மீட்டரும், 47 கிலோ உருண்டையை ஏறக்குறைய 100 மீட்டரும் எறிந்தது. இந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். 15 × 170 = 2,550; 47 × 100 = 4,700. மூன்று மடங்கு கனமான கல், பாதிக்கு மேல் தூரம் போயிருக்கிறது. கனமான கல் அதே எடையிலிருந்து கூடுதல் ஆற்றலைக் கறந்துகொண்டது என்று அர்த்தம். லேசான கல் கவணை விட்டுப் போகும்போது பெட்டியிலும் மரத்திலும் நிறைய வேகம் மிஞ்சி நிற்கிறது. அது மரத்தை உலுக்குவதற்குத்தான் பயன்படும். கல்லே வைக்காமல் வெறுமனே விடுவிப்பது இந்தக் கருவிக்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல் என்பதற்கும் இதுவே காரணம்.

அதே டென்மார்க் கருவி ஒரே மாதிரியான உருண்டைகளைத் திரும்பத் திரும்ப எறிந்தபோது, அவை 6 மீட்டருக்கு 6 மீட்டர் சதுரத்துக்குள் விழுந்தன. சுவரை உடைக்க இந்தக் குறிதவறாமைதான் தேவை. ஒரு கல்லால் மதில் விழுவதில்லை. ஒரே இடத்தில் ஐம்பது கல் விழுந்தால் விழும். அதற்குக் கற்கள் ஒரே எடையாக இருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கின்படி கல் 5 விழுக்காடு கனத்தால் 200 மீட்டரில் ஏறக்குறைய 10 மீட்டர் முன்னதாகவே விழும். மதிலுக்குப் பதில் அகழிக்குள். முற்றுகைக்குப் போன படைகள் கல்தச்சர்களையும் கூட்டிக்கொண்டு போனது இதற்காகத்தான். கிடைத்த பாறையை அப்படியே வைத்து எறிவது கதைப்படங்களில் மட்டும் நடக்கும்.

முளை செய்யும் குறும்பு

இந்தக் கருவியில் மிகச் சிறிய உறுப்பு நுனியில் இருக்கும் இரும்பு முளை. கெட்டுப்போவதும் பெரும்பாலும் அங்கேதான். முளை நேராக இருந்தால் வளையம் சீக்கிரம் வழுக்கும். கல் உயரமாகப் போகும். முன்பக்கம் வளைத்துவிட்டால் வளையம் நேரம் கழித்து வழுக்கும்; கல் தாழப் பாயும். அளவுக்கு மீறி வளைத்தால் கல் கருவிக்கு முன்னாலேயே தரையில் குத்தும். மிகச் சீக்கிரம் வழுக்கினால் நிலைமை இன்னும் மோசம். அந்த நொடியில் கல் இன்னும் பின்பக்க வட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே நேரே மேலே போகும், அல்லது எறிபவர்களுக்குப் பின்னால் போகும். சரியான வளைவு எவ்வளவு என்பது கவணின் நீளத்தையும் கல்லின் எடையையும் பொறுத்தது. ஒன்றை மாற்றினால் முளையையும் மறுபடி தட்டிச் சரிசெய்ய வேண்டும். மழையில் நனைந்து கவண் கயிற்றின் நீளம் மாறினாலே போதும், நேற்றைய கணக்கு இன்று பலிக்காது.

இதற்குச் சாட்சிகள் உண்டு. 1521இல் மெக்சிகோவின் தெனோச்தித்லானை முற்றுகையிட்ட ஸ்பானியத் தளபதி கோர்த்தேசின் படைக்கு வெடிமருந்து குறைந்துபோனது. யாரோ ஒருவர் யோசனை சொல்லக் கல்லெறி கருவி ஒன்றைக் கட்டினார்கள். கல் நேரே மேலே போய்த் திரும்பவும் அந்தக் கருவியின்மீதே விழுந்தது என்று படையில் இருந்த பெர்னால் தியாஸ் எழுதிவைத்திருக்கிறார். 1850இல் பின்னாளைய பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி பாரிஸ் அருகே வென்சேனில் ஒன்றைக் கட்டினார்கள். 10 மீட்டருக்குச் சற்று நீண்ட மரம், 4.5 டன் எடை. எடுத்த எடுப்பிலேயே குண்டு பின்பக்கமாகப் பறந்தது. முளையைச் சரிசெய்த பிறகு 12 கிலோ பீரங்கிக்குண்டு 175 மீட்டர் போயிற்று. மேலே கண்ட சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் இது சுமாரான விளைச்சல்தான். எடை விகிதம் 375 இருந்தும் தூரம் அவ்வளவே. லேசான குண்டு, மிஞ்சிய வேகம் என்ற அதே சிக்கல்.

13ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த விலார் த ஒன்னகூர் தன் படச்சுவடியில் ட்ரெபுஷே ஒன்றின் அடித்தளத்தை வரைந்திருக்கிறார். பக்கத்தோற்றம் வரைந்திருந்த ஏடு தொலைந்துவிட்டது. கிடைத்ததில் படத்தோடு குறிப்பும் இருக்கிறது. மண் நிரப்பும் எடைப்பெட்டி 12 அடி நீளம், 9 அடி அகலம், 12 அடி ஆழம். பெருக்கினால் 1,296 கன அடி. குறிப்பில், மரத்தை விடுவிக்கும்போது எச்சரிக்கை என்று சொல்கிறார். அலங்காரமாகச் சொன்னது இல்லை அது. நுனியை இழுத்துக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்தால் மிதிசக்கரத்துக்குள் இருப்பவர்கள் சக்கரத்தோடு சுழல்வார்கள். விடுவிக்கும் நேரத்தில் முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில், அதுவும் தள்ளி.

பெட்டியை மரத்தோடு அசையாமல் பொருத்துவதா, கீல் வைத்துத் தொங்கவிடுவதா என்பதிலும் இரண்டு கட்சிகள் இருந்தன. தொங்கும் பெட்டி நேர்கோட்டுக்கு அருகில் விழுவதால் ஆற்றல் நன்றாகச் சேரும், சட்டகம் குறைவாக அதிரும். 13ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் எழுதிய ரோம் நகரத்து ஜைல்ஸ் நான்கு வகைகளைப் பிரித்துக் காட்டுகிறார். அசையாத எடை உள்ளது ‘ட்ரபூக்கியும்’, குறி தவறாது. தொங்கும் எடை உள்ளது ‘பிஃபா’, தூரம் போகும் ஆனால் குறி அவ்வளவு சுத்தம் இல்லை. இரண்டும் கலந்தது ‘ட்ரிபாண்டும்’. நான்காவது வகையில் எடைக்குப் பதில் ஆட்கள் கயிற்றை இழுக்கிறார்கள். நம் சொல்லின் லத்தீன் வடிவம் அவருடைய பட்டியலில் ஒரே ஒரு வகைக்கு மட்டும் உரியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

எதற்கெல்லாம் இந்தப் பெயர் பொருந்தாது

ஆட்கள் இழுக்கும் வகை மிகப் பழையது. சீனாவில் மோசி என்ற மெய்யியலாளரின் மரபினர் எழுதிய நூல்களில், பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டளவிலேயே அது பேசப்படுகிறது. குறுங்கையில் எடைக்குப் பதில் பல கயிறுகள்; ஒரே நேரத்தில் பத்துப் பேரோ நூறு பேரோ இழுப்பார்கள். 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவார் என்ற நாடோடி இனத்தின் படைகள் கிரேக்க நகரமான தெசலோனிக்கேயில் இதைப் பயன்படுத்தியதால் மத்தியதரைக் கடல் பகுதி இதை அறிந்தது. சிந்துவின் தேபல் துறைமுகத்தை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகம்மது பின் காசிம் தாக்கியபோது ‘மணப்பெண்’ என்று பெயரிட்ட ஒரு கருவி இருந்தது; அதை இயக்க 500 ஆட்கள் என்கிறது அரபு வரலாறு.

இந்த வகைக்கு வேகம் அதிகம். 1147இல் லிஸ்பன் முற்றுகையில் இரண்டு கருவிகள், நூறு நூறு பேராக முறைவைத்து இழுத்து, 10 மணி நேரத்தில் 5,000 கற்களை எறிந்ததாக உடனிருந்தவர் எழுதிய குறிப்பு சொல்கிறது. ஒரு கருவிக்கு நிமிடத்துக்கு நான்கு. இங்கிலாந்தின் வாரிக் கோட்டையில் 2005இல் நிறுவிய 18 மீட்டர் உயர, 22 டன் எடைக்கருவிக்கு ஒரு தடவை ஏற்றவே அரைமணி நேரம் பிடித்தது. ஆனால் ஆட்கள் களைப்பார்கள், ஒவ்வொரு இழுப்பும் ஒரே அளவாக இருக்காது, கல்லும் பெரிதாக இருக்க முடியாது. எடைப்பெட்டி களைப்பதில்லை.

எடைப்பெட்டிக் கருவி 12ஆம் நூற்றாண்டில் கிழக்கு மத்தியதரைப் பகுதியில் தெளிவாகத் தென்படுகிறது. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாவுத்தீனுக்காக 1187ஐ ஒட்டி மர்தி அல்-தர்சூசி எழுதிய ஆயுத நூல் அதை விரிவாக விவரிக்கிறது. அவர் சொல்லும் எடை, வலைக்குள் கட்டிய கற்கள். அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் வட இத்தாலிய லத்தீனில் ‘ட்ரபூக்கு’ என்ற வடிவங்கள் தலைகாட்டுகின்றன. புதுக் கருவி வந்ததும் புதுப் பெயர் தேவைப்பட்டது. பழைய கருவியை ஆட்கள் இழுத்தார்கள், புதியது தானே கவிழ்ந்தது. பெயர் அந்த வேறுபாட்டையே சுட்டியது. ஆகவே இன்றைய ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்து ‘இழுப்பு ட்ரெபுஷே’, ‘எதிர்எடை ட்ரெபுஷே’ என்று பிரிப்பது வசதிக்காகச் செய்த ஏற்பாடு. இடைக்கால பிரெஞ்சுத் தச்சரிடம் ‘இழுப்பு ட்ரெபுஷே’ என்று சொன்னால், இழுத்தால் எப்படித் தானாகக் கவிழும் என்று கேட்டிருப்பார்.

பழையதற்கு மேற்கில் வழங்கிய பெயர் மாங்கோனெல். அதன் வேர் கிரேக்க ‘மாங்கனோன்’. அதுவே அரபியில் ‘மஞ்சனீக்’ ஆயிற்று. துணி பிழியும் உருளை இயந்திரத்தை ஆங்கிலத்தில் ‘மேங்கிள்’ என்பதும் டச்சு மொழி வழியாக வந்த அதே வேர்தான். ரோமானியர்களின் ‘ஓனகர்’ வேறு சாதி; முறுக்கிய நரம்புக் கயிற்றின் விறைப்பால் இயங்குவது. அதில் துலாவும் இல்லை, கவிழ்தலும் இல்லை. மூன்றையும் ‘கேட்டபுல்ட்’ என்ற ஒரே கூடையில் போடும் பழக்கம் நம் மொழிபெயர்ப்புகளிலும் நிறைய இருக்கிறது.

பெயர் போன ஊர்கள்

1212இல் பேரரசர் நான்காம் ஓட்டோ, ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியில் உள்ள வைசன்சே நகரை முற்றுகையிட்டபோது ஜெர்மானியர்கள் இந்தக் கருவியை ‘ட்ரிபொக்’ என்று எழுதினார்கள். வேர் தெரியாதவர்கள் அதை ‘ட்ரை பொக்’, அதாவது மூன்று ஆட்டுக்கடா அல்லது மூன்று முட்டுக்கால் என்று தங்கள் மொழியாக்கிக்கொண்டார்கள். ஒலி ஒத்துப்போனதால் பிறந்த பொருள் அது, வேர் அல்ல. ஸ்பானிய மொழியில் ‘ட்ரபூகோ’ ஆன சொல், கருவி வழக்கொழிந்த பிறகும் நிலைத்து, பின்னால் அகலவாய்த் துப்பாக்கி ஒன்றுக்குப் பெயராகிவிட்டது. கவிழ்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

கிழக்கே இந்தச் சொல் வரவேயில்லை. கருவி வந்த திசைதான் அங்கே பெயராயிற்று. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானுக்காக ஈரானிலிருந்து சென்ற அலாவுத்தீன், இஸ்மாயில் என்ற இரு பொறியாளர்கள் 1273இல் சியாங்யாங் கோட்டையின்மீது எறிந்த கல்லின் எடை 150 சின், அதாவது 90 கிலோ அளவு. தரையில் 7 சீன அடி ஆழம் புதைந்தது என்கிறது குப்லாயின் யுவான் அரசமரபைப் பற்றிய சீன வரலாறு. சீனர்கள் வைத்த பெயர் ‘ஹுய்ஹுய் பாவ்’, முஸ்லிம்களின் கல்லெறி. டெல்லி சுல்தான்களின் பாரசீக வரலாறுகளில் ‘மஞ்சனீக்’கோடு ‘மக்ரிபி’ என்ற பெயரும் வருகிறது, பொருள் ‘மேற்கத்தியது’. 1301இல் ரன்தம்போரில் அலாவுத்தீன் கில்ஜியின் தளபதி நுஸ்ரத் கான், கோட்டைக்குள்ளிருந்து வந்த கல் தாக்கி இறந்தார். முற்றுகையிட வந்தவனிடம் மட்டும்தான் கல்லெறி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

தனித்தனிக் கருவிகளுக்கும் பெயர் வைப்பார்கள். 1191இல் பாலஸ்தீனக் கடற்கரையில் உள்ள ஆக்ர் நகருக்கு வெளியே பிரெஞ்சு அரசரின் கருவி ‘கெட்ட அயலார்’. அதற்குப் பதில் சொன்ன உள்ளூர்க் கருவிக்குச் சிலுவைப்போர் வீரர்கள் வைத்த பெயர் ‘கெட்ட பங்காளி’. 1291இல் அதே ஆக்ரை எடுக்க, எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் ‘மன்சூரி’ என்ற பெருங்கருவியைக் கொண்டுவந்தார்கள். அதைப் பிரித்து 100 வண்டிகளில் ஏற்றினார்கள். ஒரு வண்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் பின்னாளில் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற அபுல் ஃபிதா. மழையிலும் பனியிலும் மாடுகள் செத்து விழ, 8 நாள் பயணம் ஒரு மாதம் ஆனது என்று எழுதுகிறார். இந்த ஆயுதத்தின் உண்மையான பலவீனம் எறிவதில் இல்லை, ஏற்றிப்போவதில்தான்.

1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டைக்கு முன்னால் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு கட்டிய ‘போர் ஓநாய்’க்கு 5 தலைமைத் தச்சர்களும் ஏறத்தாழ 50 ஆட்களும் சில மாதங்கள் உழைத்தார்கள். அந்த முற்றுகைக் கருவிகளின் எடைக்காகத் தேவாலயக் கூரைகளில் வேய்ந்திருந்த ஈயத்தகடுகளை உரித்து எடுத்தார்கள். மண்ணைவிட ஈயம் பல மடங்கு அடர்த்தி. அதே பெட்டியில் பல மடங்கு பாரம். கோட்டையில் இருந்தவர்கள் சரணடைகிறோம் என்று வந்தபோது எட்வர்டு ஏற்கவில்லை. இவ்வளவு செலவழித்துக் கட்டியதை ஒரு தடவையாவது எறிந்து பார்க்க வேண்டும் என்றார். எறிந்த பிறகே சரணடையவிட்டார்.

தமிழில் என்னவென்று சொல்வது

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டையின் காவற்கருவிகள் வரிசையாக வருகின்றன. அந்த அடிகளில் ‘வளைவிற் பொறி’ இருக்கிறது, ‘கல்லுமிழ் கவண்’ இருக்கிறது, ‘கல்லிடு கூடை’ இருக்கிறது, ‘ஐயவித் துலாம்’ என்றும் ஒன்று இருக்கிறது. பொறி, கவண், துலாம் மூன்றும் ஒரே பட்டியலில் கிடைப்பதால், தமிழர் அன்றே ட்ரெபுஷே வைத்திருந்தார்கள் என்று எழுதக் கை பரபரக்கும். அவசரப்படக் கூடாது. ஐயவித் துலாத்துக்கு உரைகாரர்களே ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் தருகிறார்கள். அவற்றுள் ஒன்று சிற்றம்பு எய்யும் எந்திரம் என்பது. எதிர்எடையால் கல்லெறியும் கருவியோ பல நூற்றாண்டு கழித்து 12ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தெளிவாக வருகிறது. இந்தப் பட்டியலிலிருந்து கடன்வாங்கத் தகுந்தவை சொற்கள் மட்டுமே.

சொற்கள் என்ற அளவில் அவை அருமையானவை. ‘கல்லெறி இயந்திரம்’ என்றால் மாங்கோனெலும் ஓனகரும் உள்ளே நுழைந்துவிடும். ‘எதிர்எடைக் கவண்’ துல்லியமானது. பாடநூலுக்கு அதுவே போதும். ஆனால் பிரெஞ்சுப் பெயர் செய்யும் வேலையை, அதாவது தராசையும் அதன் சாய்வையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதை, ‘துலாக்கவண்’ என்ற கூட்டுச்சொல் செய்யும். கிணற்றடியும் தினைப்புனமும் அதில் இருக்கின்றன. ஆட்கள் இழுக்கும் பழைய வகைக்கு ‘இழுகவண்’ என்று வைத்துக்கொண்டால், ஜைல்ஸ் தன் பட்டியலில் பிரித்ததுபோலத் தமிழிலும் இரண்டும் கலக்காமல் நிற்கும்.

பீரங்கி நிலைபெற்ற பிறகு, 15ஆம் நூற்றாண்டோடு ட்ரெபுஷேக்கள் பெரும்பாலும் விறகாகிவிட்டன. சின்னத் தராசு மட்டும் பொற்கொல்லர் மேசையிலும் மருந்துக்கடையிலும் மேலும் சில நூற்றாண்டுகள் அதே பெயரோடு காசையும் பொடியையும் நிறுத்துக்கொண்டிருந்தது.